உறையும் பெயரும்

கிராமபோன் தட்டைத் தூசியிலிருந்தும் கீறலிலிருந்தும் காப்பதற்காக வந்தது உறை. பெயரைக் காக்கும் வேலை பிறகுதான் அதற்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம், 1986ல் நானே செய்த ஒரு தவறு.

அப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு சிறு கூடத்தில் ஆர்ட் ஒர்க் செய்துகொண்டிருந்தேன். ஆவடிப் பக்கத்திலிருந்து மின்ரயிலில் பட்டணத்துக் கல்லூரிகளுக்குப் போய்வந்த ஐந்து மாணவர்கள், ரயில்பெட்டியின் தகரச் சுவரில் தாளம் தட்டிப் பாடிய கானாப் பாட்டுகளை ஒரு கேசட்டாகப் பதிவு செய்திருந்தார்கள். முந்நூறு பிரதிகள். அவற்றுக்குக் கவரும், ஸ்டேஷன் வாசலில் கொடுக்க நோட்டீசும் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். கேசட் கவரின் முன்பக்கம் நான்கு அங்குல உயரம், இரண்டரை அங்குல அகலம். பெட்டி வெட்டியதில் மிஞ்சிய ஆர்ட் அட்டைத் துண்டுகளே போதுமானதாக இருந்தன.

சிறுபத்திரிகைகளில் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. முகங்களும் பெயர்களும் நெரியும் சினிமா கேசட் கவர்கள் மேல் ஒரு அருவருப்பு. ஆகவே கறுப்புத் தளத்தில் வெள்ளையாக இரண்டு தண்டவாளக் கோடுகள் மட்டும் போட்டேன். தலைப்பு முதுகில். காகிதச் செலவை ஏற்ற கடையின் பெயர் பின்மடிப்பில். நோட்டீசிலும் அதே கோடுகள், அதே கடை. நவீனமான காரியம் செய்துவிட்டதாகத் திருப்தி. தாளம் தட்டிய பையன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "எம் பேரு எங்கண்ணா போட்டுக்கீறீங்க?"

படத்தின் சுத்தம் கெட்டுவிடும் என்று ஏதோ சொன்னேன். அந்தப் பதில் எவ்வளவு அற்பமானது என்பது, இசைத்தட்டின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு உறைத்தது.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மூன்று நிமிஷப் பாட்டு முடியும் தறுவாயில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். லேபிளில் என்ன பெயர் போடுவது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதே காரணம் என்பார்கள். காரணம் எதுவானாலும், உறை செய்யாத வேலையைக் குரலே செய்திருக்கிறது. அதே தட்டுகளின் வழியாக உலகம் முழுவதும் பிரசித்தமானது ஒரு நாய். பிரான்சிஸ் பாரட் வரைந்த அந்த நாய்க்கு நிப்பர் என்ற பெயர் இருந்தது நமக்குத் தெரியும். நம் பழைய தட்டுகள் பலவற்றில் பிடிலும் மிருதங்கமும் வாசித்தவர்கள் யாரென்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தட்டுகளைப் போட்டோ ஆல்பம் போலத் தைத்த அட்டைகளுக்குள் வைத்து விற்றதால்தான் ஆல்பம் என்ற சொல்லே வந்தது. அந்த அட்டைகள் வெறும் பழுப்பு நிறத்தில் இருந்தன. 1940ல் கொலம்பியா கம்பெனியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அதில் முதல்முறையாக ஒரு படத்தைப் போட்டார். ராட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாட்டுகள் கொண்ட தொகுப்பு அது. நியூயார்க் இம்பீரியல் தியேட்டர் முகப்பின் விளக்கெழுத்துக்களை மாற்றச் சொல்லி, இருவர் பெயரையும் ஒளிரவைத்துப் படமெடுத்தார். உறைச் சித்திரத்தின் முதல் பாடுபொருளே பெயர்தான்.

இங்கே நிலைமை வேறு. 1949ல் 'மஹல்' படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்றிருந்தது. காமினி படத்தில் வரும் பாத்திரம். குரல் இருந்தது, குரலுக்குரியவள் இல்லை. நேயர்கள் ரேடியோவுக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே பெயர் வெளிவந்தது.

இனி என் தவறுக்கு மிக நெருங்கிய உதாரணம். மான்செஸ்டரில் டிசைன் மாணவராக இருந்த பீட்டர் சாவில், 1978ல் ஃபாக்டரி என்ற பெயரில் நடந்த கச்சேரிகளுக்குச் சுவரொட்டி செய்தார்; அது காலதாமதமாக வந்து சேர்ந்தது என்பது பிரசித்தம். மறுவருஷம் ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்நோன் பிளஷர்ஸ்' தட்டுக்கு உறை செய்தார். முன்பக்கத்தில் குழுவின் பெயரில்லை, தலைப்பில்லை. கறுப்பில் வெள்ளை அலைக்கோடுகள் மட்டும். பல வருஷங்கள் கழித்து அதைப் பார்த்தபோது, அம்பத்தூரில் நான் செய்ய நினைத்தது இதுதானே என்று முதலில் கர்வப்பட்டேன்.

அந்தக் கோடுகளின் கதை கர்வத்தைக் கலைத்துவிட்டது. அவை ஒரு பல்சாரின் துடிப்புகள். அதை 1967ல் கேம்பிரிட்ஜில் முதலில் கவனித்தவர் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. 1974ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போயிற்று. கோடுகளை வரைந்தெடுத்தது ஹரால்ட் கிராஃப்ட் என்ற இன்னொரு மாணவரின் 1970ம் வருஷத்து ஆய்வேடு. அங்கிருந்து ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்கும், அதிலிருந்து உறைக்கும் படம் போயிற்று. சட்டைகளில்கூட அச்சாகி உலகம் சுற்றியது. வரைந்தவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது 2015 வாக்கில்தான்.

பெயரற்ற உறை அழகானது என்பதை இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் பெயரைத் துறப்பதற்கு முதலில் பெயர் இருக்கவேண்டும். ஜாய் டிவிஷனின் பெயரைப் பத்திரிகைகள் எழுதின. சாவிலின் பெயரும் நிலைத்தது. ஆவடிப் பையனுக்கு அந்த நான்கு அங்குல அட்டையைத் தவிர வேறு இடமில்லை. அதையும் என் ரசனைக்காக எடுத்துக்கொண்டேன். விட்டுவைத்த ஒரே பெயர், பணம் கொடுத்தவருடையது. இதை நவீனத்துவம் என்று நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

மறுபடி அச்சடிக்கப் பணமில்லை. ஐந்து பெயர்களையும் ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துகொண்டு வந்தார்கள். ஆவடி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து முந்நூறு கவர்களிலும், தண்டவாளக் கோடுகளின் குறுக்கே, வெளிர்ச் சிவப்பு மையில் குத்தினோம். கறுப்புப் பரப்பில் எழுத்து பாதிதான் தெரிந்தது. வழவழப்பான அட்டை மையைக் குடிக்காமல் கையெல்லாம் ஒட்டியது. என்னிடமிருக்கும் பிரதியில் மூன்று பெயர்கள் படிக்கக் கிடைக்கின்றன.

இதை எழுதும்போது தாளக்காரரிடம், அவர் பெயரை இங்கே போடலாமா என்று கேட்டேன். "உங்க கட்டுரையில எதுக்குண்ணா? கேசட்ல கீதில்ல, அது போதும்" என்றார்.