இலண்டனில் ஒரு பந்தி



சரித்திரம் என்றவுடன் போர்க்களங்களும் அரண்மனைகளும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அடுக்களையைச் சரித்திரத்தின் இடமாக எவரும் கருதுவதில்லை. ஆயினும், ஒரு தேசத்து மக்கள் யாரோடு அமர்ந்து உண்டனர், யாரை விலக்கி உண்டனர் என்பதும் அத்தேசத்தின் சரித்திரமே ஆகும். அத்தகைய ஒரு விருந்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

என் ஊர் உத்தனப்பள்ளி. ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே உள்ள சிற்றூர். கன்னட நாட்டின் எல்லை அருகிலேயே இருப்பதால், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டிலே தெலுங்கு பேசும் பிள்ளையும், கன்னடம் பேசும் பிள்ளையும், தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர். என்னிடம் பயின்ற ஒருவர், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மனிக்குச் சென்று சிலகாலம் கற்றவர், அண்மையில் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்நாளில் உடன் பயின்ற பல நாட்டு நண்பர்களும் ஒரு சனி ஞாயிறில் அதே நகரத்தில் மீண்டும் கூடினராம். “ஐயா, அங்கே கேட்ட விரிவுரைகளில் பாதி மறந்துபோயிற்று. சேர்ந்து சமைத்து உண்டது மட்டும் எங்களில் ஒருவருக்கும் மறக்கவில்லை” என்று அவர் எழுதியிருந்தார். அக்கடிதத்தைப் படித்தபோது, நூறாண்டுகளுக்கு முன் வேறோர் அயல்நாட்டு நகரில், வேறொரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்த கூட்டம் என் நினைவுக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சட்டமும் மருத்துவமும் கற்க விரும்பிய நம் இளைஞர் பலர் இலண்டன் மாநகருக்குச் சென்றனர். அவர்களுக்காக ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா என்பார் 1905ஆம் ஆண்டில் ஹைகேட் என்னும் பகுதியில் ஒரு விடுதியைத் திறந்தார். ‘இந்தியா ஹவுஸ்’ என்பது அதன் பெயர். ஞாயிறுதோறும் அங்கே மாணவர்கள் கூடுவர். நாட்டு விடுதலையைப் பற்றிச் சூடாக வாதிடுவர். அவர்களுள் தமிழர் இருவரை நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஒருவர் திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர், சட்டம் பயில வந்தவர். மற்றவர் திருவரங்கத்தைச் சேர்ந்த தி.சே.சௌ. ராஜன், மருத்துவம் பயில வந்தவர்.

1909ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், மதன்லால் திங்ரா என்னும் இந்திய மாணவர், கர்ஸன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியை இலண்டனிலேயே சுட்டுக் கொன்றார். ஆகஸ்டு 17ஆம் நாள் திங்ரா தூக்கிலிடப்பட்டார். போலீஸாரின் கண் இந்திய மாணவர் அனைவர்மீதும் விழுந்தது. தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைப்பதற்காகக் காந்தியடிகள் இலண்டன் வந்து சேர்ந்ததும் அந்த ஜூலை மாதத்திலேதான். கொலையால் விடுதலை வாராது என்பது அவர் துணிபு. ஆயுதமின்றி விடுதலை வாராது என்பது அம்மாணவர் பலரின் துணிபு.

இந்நிலையில் விஜயதசமி வந்தது. அதனை ஒரு விருந்தாகக் கொண்டாட மாணவர்கள் முடிவு செய்தனர். தலைமை வகிக்கக் காந்தியடிகளை அழைத்தனர். அவர் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். உணவு சைவ உணவாக இருத்தல் வேண்டும். சர்ச்சைக்குரிய அரசியல் பேசுதல் கூடாது. மாணவர்கள் இசைந்தனர். அக்டோபர் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விருந்து என்று குறிக்கப்பட்டது.

இலண்டனில் நம் நாட்டு உணவை யார் சமைப்பது? ராஜன் முதலிய மாணவர்களே அடுப்பை மூட்டினர். அன்று பிற்பகல் மெலிந்த உருவமுடைய ஒருவர் வந்து, எவரும் ஏவாமலே பாத்திரம் கழுவுவதிலும் காய் நறுக்குவதிலும் கலந்துகொண்டார். வேலையாள் கிடைத்தார் என்றோ, யாரோ ஓர் அன்பர் என்றோ மற்றவர்கள் இருந்துவிட்டனர். பின்னர் மேற்பார்வையிட வந்த ஐயர்தாம் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அன்றைய விழாத் தலைவரே அவர்! இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் ராஜன் நினைவுகூர்ந்துள்ளார். இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன், 1888இல், காந்தியடிகளே இதே நகருக்கு மாணவராக வந்து, மரக்கறி உணவு கிடைக்காமல் பசியோடு தெருத்தெருவாக அலைந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. அயலூரில் ஒரு மாணவனுக்குச் சுடுசோறு என்ன பொருள்படும் என்பதை அவர் அறிவார்.

அன்றிரவு இந்துக்களும் முஸ்லிம்களும், பல மாநிலத்தவரும் பல மொழியினரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். காந்தியடிகள் இராமபிரானைப் பற்றிப் பேசினார். சாவர்க்கரும் பேசினார். இருவர் வழியும் வேறு வேறு; அவ்வேற்றுமை அன்றும் தீரவில்லை, பின்னரும் தீரவில்லை. நவம்பரில் இலண்டனை விட்டுக் கப்பலேறிய காந்தியடிகள், அக்கப்பலிலேயே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ என்னும் நூலை எழுதி முடித்தார். இலண்டனில் அவர் கேட்ட வாதங்களுக்கான விடை அந்நூல் என்று கூறலாம்.

அப்பந்தியில் இருந்தோர் பின்னர் எவ்வாறு ஆயினர்? ராஜன் தாயகம் திரும்பித் திருச்சியில் புகழ்பெற்ற மருத்துவரானார்; காங்கிரஸில் சேர்ந்தார். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியிலே பிறந்த இராஜாஜி, வேதாரணியத்திற்கு உப்பு யாத்திரை புறப்பட்டது ராஜனின் இல்லத்திலிருந்துதான். அத்தொண்டர்களுக்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களின் பசியைத் தீர்த்தனர். 1937இல் இராஜாஜியின் அமைச்சரவையில் ராஜன் சுகாதார அமைச்சரானார்.

ஐயரின் கதை வேறு. 1910இல் போலீஸாரிடம் அகப்படாமல் இலண்டனைவிட்டு வெளியேறிப் புதுச்சேரியை அடைந்தார். அங்கே பாரதியாரோடு வாழ்ந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழுக்குச் சிறுகதைகளைத் தந்தார். பின்னர் அறவழியை ஏற்றுக் காங்கிரஸில் உழைத்தார். நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்கென ஒரு குருகுலத்தை நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் குழுவும் அதற்கு 5000 ரூபாய் உதவியது. அக்குருகுலத்திலே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோருக்கு அவ்வாறு வாக்களித்துவிட்டதாக ஐயர் கூறினார். பெரியார் ஈ.வெ. இராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் இதனை வன்மையாக எதிர்த்தனர். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கல்விச்சாலையில் பந்தி இரண்டா என்று அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயமான வினா. பூசல் முற்றி, 1925இல் ஐயர் பொறுப்பை விட்டு விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, பாபநாசம் மலை அருவியில் வீழ்ந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று அவரும் உயிர் நீத்தார்.

இலண்டனில் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்த அப்பெருமகனார், சேரன்மாதேவியில் இரு பந்திகளுக்கு ஏன் இசைந்தார்? வன்னெஞ்சராக இருந்ததனால் அன்று என்றே நான் கருதுகிறேன். இருவர்தாமே, சிறிய விஷயந்தானே என்று எண்ணியிருத்தல் கூடும். இதனை நான் துணிந்து கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் மதிய உணவை மேற்பார்வையிடும் பொறுப்பை ஏற்றிருந்தேன். ஒரு தந்தையார் வந்து, தம் மகனைச் சற்றுத் தள்ளித் தனியே உட்கார வைக்குமாறு பணிவுடன் வேண்டினார். ஊரில் மதிப்புடையவர். ‘ஒரு பிள்ளைதானே’ என்று நான் இசைந்தேன். மறு வாரம் தள்ளி அமர்ந்தவர் நால்வர். அப்பால், வரிசையின் மறுகோடியில் இருந்த ஒரு சிறுவன் தட்டைத் தொடாமல் எழுந்து போனான். ஏன் என்று கேட்டேன். “பசிக்கவில்லை, சார்” என்றான். அவனுக்குப் பசித்தது என்பதை நான் அறிவேன். மறுநாள் நானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவனருகே தரையில் அமர்ந்தேன். தள்ளி அமர்ந்த நால்வரையும் என் மறுபக்கத்தில் அமர்த்தினேன். தந்தையார் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. பிள்ளைகள் ஒரே நாளில் மறந்துவிட்டனர். ஆனால், பசியோடு எழுந்து சென்ற அந்தச் சிறுவனின் முகத்தை இந்நாள்வரை நான் மறக்கவில்லை.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பெங்களூருக்கும் சென்னைக்கும், கடல் கடந்த நகரங்களுக்கும் கல்வி கற்கச் செல்வீர்கள். அயலூரில் எல்லாரோடும் கலந்து உண்பது எளிது. அங்கே தனிமை நம்மை ஒன்று சேர்க்கிறது. சொந்த ஊருக்குத் திரும்பிய பின்னும் அதே பந்தியை விரிப்பதுதான் அரிது. இலண்டன் விருந்தும் சேரன்மாதேவிக் குருகுலமும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. அப்பாடத்தைப் பெரியோரின் பிழையிலிருந்தும் கற்கலாம்; உங்கள் முன் பேசும் இந்த எளிய ஆசிரியனின் பிழையிலிருந்தும் கற்கலாம். நாளை உங்கள் பள்ளியில் உணவு மணி அடிக்கும்போது, உங்கள் வரிசையில் தனியே அமர்ந்திருப்பவர் எவரேனும் உளரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இருப்பின், உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள்.