கம்பளி ஆலையில் ஒளிந்திருந்த கார்கள்

1964-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சரக்கு ரயில் புறப்பட்டது. அதன் திறந்த வண்டிகளின்மேல் முப்பது கார்கள் வரிசையாக நின்றன. முப்பதும் ஒரே பெயர் தாங்கியவை: புகாட்டி. ஜான் ஷேக்ஸ்பியர் என்னும் செல்வந்தர் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்து, பின்னர் ஆர்வம் குன்றிப் பராமரிப்பின்றி விட்டுவைத்திருந்தவை அவை. 85,000 டாலருக்கு மொத்தமாக விலைபேசப்பட்டு, ரயிலேறி, கப்பலேறி, தாம் பிறந்த அல்சாஸ் மண்ணுக்கே அவை திரும்பிச் சென்றுகொண்டிருந்தன. வாங்கியவர் ஓர் ஓட்டப்பந்தய வீரரோ, இளவரசரோ அல்லர். முலூஸ் நகரத்துக் கம்பளி நூற்பாலை முதலாளி. பெயர் ஃப்ரிட்ஸ் ஷ்லும்ஃப்.

பழம்பொருள் சேகரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அதை ஒருவகை அன்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். அழியவிருந்ததைக் காப்பாற்றியவர் என்று சேகரிப்பாளரைப் போற்றுகிறோம். அந்த அன்புக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை அரிதாகவே கேட்கிறோம். அக்கேள்வி தெருவுக்கு வந்து கதவைத் தட்டிய வரலாறு ஷ்லும்ஃப் சேகரத்தின் வரலாறு. அதனால்தான் கார்களில் ஆர்வமற்றவர்களும் அதை அறிந்துகொள்வது நன்று என்று நினைக்கிறோம்.

முதலில் புகாட்டியைப் பற்றிச் சில சொற்கள். எத்தோரே புகாட்டி 1881-இல் மிலானில் பிறந்தவர். தந்தை கார்லோ, பெயர்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர். தம்பி ரெம்ப்ராண்ட், விலங்குகளை வார்த்த சிற்பி. பொறியியலை ஏட்டில் பயிலாத எத்தோரே, 1909-இல் மோல்செம் என்னும் ஊரில் தம் தொழிற்கூடத்தை நிறுவினார். அன்று அல்சாஸ் ஜெர்மானியப் பேரரசின் பகுதி. முதல் உலகப்போருக்குப் பின் அது பிரான்ஸுக்கு வந்தது. ஆலையும் உடன் வந்தது. 1924-இல் லியோன் நகரத்துப் பந்தயத்தில் அறிமுகமான 'டைப் 35' அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பியப் பந்தயக் களங்களை ஆண்டது. குதிரை லாட வடிவிலான ரேடியேட்டர், தட்டையான ஆரங்களோடு வார்க்கப்பட்ட அலுமினியச் சக்கரங்கள், பானட்டைத் திறந்தால் கூர்விளிம்புகளோடு சதுரமாய் நிற்கும் இயந்திரம் என்று, மறைந்திருக்கும் பாகமும் அழகாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் அந்தக் கார்களில் தெரியும். மரத்தச்சரின் மகன் செய்த இயந்திரம் என்று அறிந்தபின் அதில் வியப்பில்லை.

அந்தப் பிடிவாதத்தின் உச்சமே 'டைப் 41', அதாவது ராயல். 12.7 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இயந்திரம்; ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளம்; ரேடியேட்டர் மூடியின்மேல் மறைந்த தம்பியின் சிற்பத்திலிருந்து வார்த்த யானை. அரசர்களுக்கென எண்ணிய கார் அது. ஆனால் வந்தது 1930-களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சி. கட்டப்பட்டவை ஆறு, வாடிக்கையாளருக்கு விற்றவை மூன்று. அரசர் எவரும் வாங்கவில்லை. எஞ்சிய இயந்திரங்கள் ரயில்கார்களை ஓட்டப் பயன்பட்டன. 1939-இல் மகன் ழான் புகாட்டி ஒரு சோதனை ஓட்டத்தில் மாண்டார். 1947-இல் எத்தோரேயும் மறைந்தார். 1963-இல் நிறுவனம் வேறொருவர் கைக்குப் போயிற்று. மோல்செமில் அதுவரை செய்யப்பட்ட கார்கள் மொத்தம் ஏறத்தாழ எட்டாயிரம்தான்.

ஷ்லும்ஃப் சகோதரர்களின் கதை இங்கே வந்து இணைகிறது. ஹான்ஸ் 1904-இலும் ஃப்ரிட்ஸ் 1906-இலும் இத்தாலியில் பிறந்தனர். தந்தை சுவிட்சர்லாந்துக்காரர்; தாய் ழான் முலூஸைச் சேர்ந்தவர். தந்தை இறந்தபின் தாயோடு முலூஸுக்கு வந்து, கம்பளி வணிகத்தில் காலூன்றி, ஒன்றன்பின் ஒன்றாக நூற்பாலைகளை வாங்கினர். மால்மெர்ஸ்பாக் ஆலை அவற்றுள் முதன்மையானது. 1957-இல் முலூஸில் மூடிக்கிடந்த பழைய கம்பளி ஆலை ஒன்றையும் வாங்கினர். நூல் நூற்பதற்காக அல்ல என்பது பின்னர்தான் உலகுக்குத் தெரிந்தது.

1960-களின் தொடக்கத்தில் ஃப்ரிட்ஸ் முழுவேகத்தில் இறங்கினார். உலகெங்கும் எஞ்சியிருந்த புகாட்டிகளின் பட்டியலை ஹியூ கான்வே என்ற ஆங்கிலேயர் தொகுத்து 1962-இல் வெளியிட்டிருந்தார். ஆர்வலர்களுக்காக உருவான அந்தப் பட்டியலையே முகவரிப் புத்தகமாகக் கொண்டு, விற்க விருப்பமா என்று கேட்டு ஃப்ரிட்ஸ் கடிதங்கள் அனுப்பினார். மோல்செம் ஆலையிலேயே எஞ்சியிருந்த கார்களையும் வாங்கினார். எத்தோரே தமக்கென வைத்திருந்த 'கூப்பே நெப்போலியன்' என்ற ராயலும் அவற்றுள் ஒன்று. ஷேக்ஸ்பியரின் ரயிலில் இன்னொரு ராயல் வந்தது. ஆக, உலகில் உள்ள ஆறில் இரண்டு ஒரே கூரையின்கீழ்.

பழைய ஆலைக்குள் தச்சர், கொல்லர், வண்ணம் பூசுவோர், இயந்திர வல்லுநர் என்று ஒரு தனிக்குழு மறைவாக வேலை செய்தது. பாரிஸ் நகரத்து மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தின் விளக்குத்தூண்களை மாதிரியாகக் கொண்டு நூற்றுக்கணக்கான தூண்கள் வார்க்கப்பட்டு, கார் வரிசைகளுக்கிடையே நடப்பட்டன. தாயின் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அருங்காட்சியகமாக அது திறக்கும் என்பது திட்டம். ஆண்டுகள் சென்றன, கதவு திறக்கவில்லை. அழைக்கப்பட்ட மிகச் சிலரே உள்ளே போக முடிந்தது.

'புதுப்பித்தல்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற வேலையைப் பற்றி இங்கே சற்று நின்று யோசிக்கலாம். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பழைய காரை மீட்பவரின் சிக்கல்கள் யாவும் சுவடிப் பதிப்பாசிரியரின் சிக்கல்களே. அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் ஏட்டின் இறுதிக்குறிப்புப் போன்றவை. இது யாருடையது, எப்போது பிறந்தது என்பதற்குச் சான்று. மரச்சட்டம் உளுத்து, தகடு துருத்து, இருக்கைத்தோல் கிழிந்த இடங்கள் சிதைந்த ஏடுகள். அவ்விடங்களைப் புதுப்பொருளால் நிரப்பும்போது எவ்வளவு மூலம், எவ்வளவு இடைச்செருகல்?

இரண்டு ராயல்களின் கதை இதை விளக்கும். ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் 1930-களில் வாங்கிய ராயல், அவரோடு ஷாங்காய் சென்று, பின்னர் நியூயார்க் வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் நீர் உறைந்து இயந்திரம் வெடிப்புற்று, பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது. 1943-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளரான சார்லஸ் செய்ன் அதைச் சில நூறு டாலருக்கு வாங்கி உயிர்ப்பித்தார். ஆனால் இருந்த ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு நான்கு அமெரிக்கக் கார்புரேட்டர்களைப் பொருத்தினார். கறுப்பாக இருந்த காரை வெளிர் வெண்மையாக்கினார். 1957-இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அவர் அளித்தது அந்த வெள்ளைக் காரைத்தான். அவர் இல்லையேல் கார் உருக்கப்பட்டிருக்கும். அவர் இருந்ததால் அது வேறொன்றாயிற்று. நல்ல பதிப்பாசிரியர் 'திருத்திய' பாடம் என்று இதைச் சொல்லலாம்.

மற்றொன்று நேரெதிர். ஆடை வணிகர் அர்மான் எஸ்தேர் வாங்கிய ராயலுக்கு ழான் புகாட்டி இருவர் அமரும் திறந்த உடலை வடித்தார். இரவில் தாம் ஓட்டுவதில்லை என்று எஸ்தேர் சொன்னதால் முகப்பு விளக்குகளே வைக்கவில்லை. கார் கைமாறியதும் புதிய உடைமையாளர் அந்த உடலைக் கழற்றிவிட்டு மூடிய உடல் ஒன்றைக் கட்டச்செய்தார். ழானின் படைப்பு அத்தோடு மறைந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, எஞ்சியிருந்த மூல உதிரிபாகங்களையும் பழைய ஒளிப்படங்களையும் கொண்டு முலூஸில் அது மறுபடியும் உருவாக்கப்பட்டது. இப்போது மூல அடிச்சட்டம் ஒரு காரிலும், மூல உருவம் இன்னொரு காரிலும் இருக்கின்றன. எது எஸ்தேரின் ராயல்? மேற்கோள்களில் மட்டும் எஞ்சிய ஒரு நூலை மீண்டும் எழுதிவிட்டதுபோன்ற நிலை இது. அப்படி எழுதியது மூலம் ஆகாது. ஆனால் அது இல்லாமல் மூலம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியவும் வழியில்லை.

ஆலைக்குத் திரும்புவோம். 1970-களில் ஐரோப்பியக் கம்பளித் தொழில் சரிந்துகொண்டிருந்தது. செயற்கை இழைகளும் மலிவான இறக்குமதியும் அதை வீழ்த்தின. 1976-இல் ஷ்லும்ஃப் ஆலைகளில் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் மூண்டன. சகோதரர்கள் எல்லைதாண்டிச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய்விட்டனர். ஏறத்தாழ 2,000 பேரின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. 1977 மார்ச் 7 அன்று தொழிற்சங்கத்தினர் முலூஸின் பழைய ஆலைக்குள் புகுந்தனர். உள்ளே அவர்கள் கண்டது நானூறுக்கும் மேற்பட்ட கார்கள், மெருகேறிய பித்தளை, விளக்குத்தூண்கள், விருந்துக்கூடம். தங்கள் ஆலைகளில் இல்லை என்று சொல்லப்பட்ட பணம் எங்கே போயிற்று என்பதற்கான விடை தங்கள் கண்முன் நிற்பதாக அவர்கள் கருதினர்.

சினத்தில் ஒரு காரை அவர்கள் எரித்தார்கள். அது மீட்டெடுக்கப்படாமல் கிடந்த ஓர் ஆஸ்டின் செவன். 1922-இல் பிரிட்டனில் பிறந்து, எளிய குடும்பங்களைக் கார் வாங்கவைத்த வண்டி. கோடீசுவரர்களின் கார்கள் நிறைந்த கூடத்தில் தீக்கிரையானது ஏழையின் கார். இதைத் தற்செயல் என்று கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கைகள் கோபத்திலும் கணக்கறிந்தவை. எதை எரித்தால் தம் சம்பளமும் சேர்ந்து எரியும் என்று அவை அறிந்திருந்தன.

அதன்பின் நடந்ததுதான் வியப்பு. அவர்கள் கட்டடத்துக்கு 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் சூட்டி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். சேகரித்தவர் பத்தாண்டுக்கும் மேலாகத் திறக்காத கதவை, சேகரிப்பால் வேலையிழந்ததாகக் கருதியவர்கள் திறந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தனர். காட்டியவர்களும் காத்தவர்களும் நூற்பாலைத் தொழிலாளர்களே.

கார்களை ஏலத்தில் விற்றுக் கடனடைப்பதா, ஒன்றாக வைத்திருப்பதா என்ற வழக்கு நீண்டது. 1978-இல் சேகரம் பிரான்சின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இனிச் சிதறடிக்கவோ நாடுகடத்தவோ இயலாது. 1981-இல் முலூஸ் நகராட்சியும் மாவட்ட, வட்டார நிர்வாகங்களும் பிறரும் சேர்ந்த சங்கம் 44 மில்லியன் பிராங்குக்கு அதை வாங்கியது. 1982-இல் தேசிய மோட்டார்வாகன அருங்காட்சியகம் முறைப்படி திறந்தது. பெயரில் ஷ்லும்ஃப் இல்லை. வழக்குக்குப் பின் 1989-இல்தான் 'ஷ்லும்ஃப் சேகரம்' என்ற சொற்கள் சேர்ந்தன. அதே ஆண்டில் ஹான்ஸ் மறைந்தார், 1992-இல் ஃப்ரிட்ஸ்.

மால்மெர்ஸ்பாக்கில் தனியே கிடந்த, மீட்டெடுக்கப்படாத அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள் நீண்ட வழக்குக்குப்பின் ஃப்ரிட்ஸின் மனைவிக்குக் கிடைத்தன. அவற்றில் பலவற்றைக் கலிஃபோர்னியாவின் பீட்டர் மல்லின் வாங்கினார். 2010-இல் ஆக்ஸ்னார்டில் அவர் திறந்த அருங்காட்சியகத்தில் அவற்றுட் சிலவற்றைத் துருவும் தூசியுமாக அப்படியே நிறுத்தினார். அதே ஆண்டில் இன்னொரு புகாட்டியையும் அவர் ஏலத்தில் எடுத்தார். 1930-களில் மாஜோரே ஏரியில் இறக்கப்பட்டு, எழுபதாண்டுகளுக்கும் மேலாக நீரடியில் கிடந்து, 2009-இல் மேலே வந்த 'பிரெஸ்சியா' அது. பாதி உடலை ஏரி தின்றிருந்தது. அதையும் அவர் தொடவில்லை. மல்லின் 2023-இல் காலமானார். 2024 தொடக்கத்தில் அவரது அருங்காட்சியகமும் மூடப்பட்டது.

ஏரிக்காரை ஏன் புதுப்பிக்கவில்லை? புதுப்பித்தால் அது இன்னுமொரு பிரெஸ்சியா. விட்டுவைத்தால் அந்த ஒன்று மட்டுமே. அதற்கு நேர்ந்ததெல்லாம் அதன் உடலில் எழுதியிருக்கிறது. முலூஸின் கார்களோ நேற்றுச் செய்ததுபோல் பளபளக்கின்றன. அவற்றின்மேல் கம்பளித்தூசி ஒரு துளியும் இல்லை. ஆயினும் அவை நிற்பது நூற்பாலையின் தரையில். அந்தத் தரையில் ஒருகாலத்தில் தறியோசையும், பின்னர் கோபக்குரல்களும் கேட்டன என்பதை அங்கே செல்லும் பார்வையாளர் அறிந்திருந்தால், ஷ்லும்ஃபின் பெயரோடு பெயரறியாத அந்தத் தொழிலாளர்களையும் சேகரத்தைக் காத்தவர்களாக எண்ணிக்கொள்வார். அவ்வாறு எண்ணுவதே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது.