சீட்டு வாங்கியவர்களின் கழகம்
விம்பிள்டன் கால்பந்தாட்ட வரலாற்றில் சில ஏடுகள்

ஜூபிலி மலரில் கடல் கடந்த ஊர் ஒன்றின் கால்பந்தாட்டக் கழகத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஒரு கழகம் யாருக்குச் சொந்தம்? அதன் பங்குப் பத்திரங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவருக்கா, வாரந்தோறும் வாயிலில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே வருபவருக்கா? இந்தக் கேள்வியை விம்பிள்டன் மக்கள் ஒரு காலத்தில் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. அவர்கள் கண்ட விடையை நம் பங்கு மக்களும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதியே இதனை எழுத முற்பட்டோம்.

பழைய மாணவர்கள் இட்ட வித்து

இலண்டன் மாநகரின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டன் என்றதும் நம்மில் பலருக்கு டென்னிஸ் பந்தயமே நினைவுக்கு வரும். அதே ஊரில் 1889-ஆம் ஆண்டு, ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி ஒரு கால்பந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினர். 1912-இல் பிளௌ லேன் என்னும் தெருவில் அதற்கு நிலையான மைதானம் கிடைத்தது. 1964 வரை ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறாதவர்கள். வாரம் முழுதும் வேறு தொழில் செய்து, சனிக்கிழமை பந்தாட வந்தவர்கள்.

அந்தப் பழைய மைதானத்தில் மிக அதிகமான கூட்டம் கூடியது எப்போது தெரியுமா? 1935 மார்ச்சில், ஊதியம் பெறாதோருக்கான கோப்பைப் போட்டியில், எச்.எம்.எஸ். விக்டரி என்னும் கடற்படை அணியோடு மோதிய அன்றுதான். அன்று வந்தவர்கள் 18,080 பேர். பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் போன்ற புகழ்மிக்க கழகங்கள் அங்கு வந்து ஆடியபோதுகூட அந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை.

1977-இல் விம்பிள்டன் இங்கிலாந்து லீக்கின் நான்காம் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளில், 1986-இல், முதற் பிரிவுக்கு ஏறியது. 1988 மே மாதம் வெம்பிளி அரங்கில் 98,203 பேர் முன்னிலையில் லிவர்பூல் அணியை ஒரு கோல் கணக்கில் வீழ்த்தி, நாட்டின் தலைசிறந்த கோப்பையையும் வென்றது.

வாயில் வசூல்

இவ்வளவு புகழ் வந்தும் கழகத்தின் பணப்பெட்டி நிரம்பவில்லை. முதற் பிரிவில் மிகக் குறைந்த கூட்டம் வரும் மைதானங்களுள் பிளௌ லேனும் ஒன்றாக இருந்தது. லீக் ஆட்டங்களின் வாயில் வசூலில் ஒரு பங்கை விருந்தினராக வரும் அணிக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1983 வரை இருந்தது. பெரிய கழகத்தின் மைதானத்தில் திரளும் கூட்டத்தின் காசில் சிறிய கழகத்துக்கும் ஒரு கவளம் கிடைத்துவந்தது. 1983-இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அதன்பின் அவரவர் வாயிலில் சேர்ந்தது அவரவர்க்கே என்றாயிற்று. விம்பிள்டன் உயரே ஏறிய காலமும், சிறியவர்களைத் தாங்கிய கை விலகிய காலமும் ஒன்றாகவே அமைந்தன.

1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலுக்கு 97 பேர் பலியாயினர். அதனை ஆராய்ந்த நீதிபதி டெய்லர் 1990-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, உயர்பிரிவுக் கழகங்களின் மைதானங்களில் எல்லோரும் அமர்ந்து பார்க்க இருக்கைகள் அமைப்பது கட்டாயமாயிற்று. பிளௌ லேனை அவ்வாறு மாற்றியமைக்க இயலாது என்று கருதிய நிர்வாகம், 1991-இல் கிரிஸ்டல் பேலஸ் கழகத்துக்குரிய செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் குடியேறியது. சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போன குடும்பத்தின் நிலைதான். 1993 ஜனவரியில் எவர்ட்டன் அணியுடன் அங்கு நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,039 பேர். கொள்ளைநோய்க் காலத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பிரீமியர் லீக் வரலாற்றிலேயே மிகக் குறைந்த கூட்டம் இதுவே.

எண்ணிக்கையே குற்றச்சாட்டாயிற்று

2000-இல் கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் நிர்வாகத்தார் ஓர் அறிவிப்பைச் செய்தனர். விம்பிள்டனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்ட்டன் கீன்ஸ் என்னும் புதிய நகருக்குக் கழகத்தையே பெயர்த்துக்கொண்டு போகப்போகிறோம் என்பதே அது. கூட்டம் போதவில்லை, வருமானம் இல்லை, இங்கேயே இருந்தால் கழகம் அழியும் என்பது அவர்கள் வாதம். வாயிலில் விற்ற சீட்டுகளின் எண்ணிக்கையே ரசிகர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்வலம் சென்றனர், மனுக் கொடுத்தனர், கழகம் விற்ற ஆட்ட மலரை வாங்க மறுத்துத் தாங்களே ஒரு மலரை அச்சிட்டு விற்றனர். ஆயினும் 2002 மே 28 அன்று, மூவர் கொண்ட ஆணைக்குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இடமாற்றத்துக்கு அனுமதி அளித்தது.

இரண்டு வாயில்கள்

இதன்பின் நடந்ததுதான் நம் கட்டுரையின் உயிர்நாடி. ரசிகர்கள் கூடிப் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினர். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று அதற்குப் பெயரிட்டனர். பெரிய முதலாளி எவரும் இல்லை. ரசிகர்களின் அறக்கட்டளையே உரிமையாளர். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஊர்ப் பொதுவெளியில் தேர்வு வைத்தனர். தீர்ப்பு வந்த ஆறு வாரங்களில், 2002 ஜூலை 10 அன்று, சட்டன் நகரில் முதல் நட்பு ஆட்டம். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆனால் அன்று வாயிலில் சீட்டு வாங்கி நுழைந்தவர்கள் 4,657 பேர்! கூட்டம் உள்ளே வந்து சேரும்வரை ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், பழைய கழகம் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ராதர்ஹாம் அணியுடன் ஆடியது. வந்தவர்கள் 849 பேர். எதிரணியின் ஆதரவாளர்களும் அதில் அடக்கம். அந்தப் பருவம் முழுவதையும் கணக்கிட்டால், நாட்டின் இரண்டாம் படியில் ஆடிய பழைய கழகத்துக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 2,800-க்கும் குறைவானவர்களே வந்தனர். பல படிகள் கீழே, பல அணிகளுக்குச் சில நூறு பேர்கூடச் சேராத வட்டார லீக்கில் ஆடிய புதிய கழகத்துக்குச் சுமார் 3,000 பேர் வந்தனர். கூட்டம் இல்லை என்று சொன்னவர்களுக்குக் கூட்டமே பதில் சொல்லிவிட்டது.

அந்தக் கீழ்ப்படியில் தொலைக்காட்சிப் பணம் கிடையாது. சீட்டு விற்ற காசும், ஆட்ட மலர் விற்ற காசும், தேநீர்க் கடை வருமானமுமே ஆதாரம். வாயிலில் நின்றவரும் மலர் விற்றவரும் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த ரசிகர்களே. விழாவுக்காக நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தை ஏந்தி வீடுவீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் அவர்கள் தோல்வி காணவில்லை. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை படியேறி, 2011-இல் தேசிய லீக்கின் நான்காம் பிரிவை அடைந்தனர். 2016-இல் மூன்றாம் பிரிவுக்கு ஏறிய வெம்பிளி ஆட்டத்தை 57,000-க்கும் மேற்பட்டோர் கண்டுகளித்தனர். பழைய கழகம் 2003-இல் மில்ட்டன் கீன்ஸ் சென்று, மறு ஆண்டு புதுப் பெயர் பூண்டது. 2007-இல் பழைய கோப்பைகளையும் நினைவுப் பொருள்களையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. அந்நகர மக்களும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கித் தம் அணியை நேசிப்பவர்களே. அவர்கள்மேல் குறைகூற நாம் வரவில்லை.

வெறும் இருக்கைகள்

ரசிகர்களின் இறுதிக் கனவு பிளௌ லேனுக்குத் திரும்புவது. பழைய மைதானத்துக்குச் சில நூறு கெஜ தூரத்தில், நாய்ப் பந்தயத் திடல் இருந்த இடத்தில், சுமார் 9,000 பேர் அமரும் அரங்கு எழும்பியது. இடையில் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளருக்குக் கழகத்தின் பெரும்பங்கை விற்பதா, தாங்களே திரட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. 2020-இன் தொடக்கத்தில் கடன் பத்திரங்களை வெளியிட்டனர். சில வாரங்களில் 50 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது.

2020 நவம்பர் 3 அன்று, 29 ஆண்டுகளுக்குப் பின், விம்பிள்டன் கழகம் தன் தெருவில் ஆடியது. டான்காஸ்டர் அணியுடன் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. ஆனால் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் எவருக்கும் அனுமதி இல்லை. தாங்கள் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழாவை வீட்டுக்குரியவர்கள் தொலைவிலிருந்தே பார்த்தார்கள். அந்நாள்களில் அவர்களுட் பலர் கடை வாசல்களில் நின்று உணவுப் பொருள் சேகரித்து, வறியோர் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பின்னர் வாயில்கள் திறந்தன; இருக்கைகள் நிறைந்தன. 2022-இல் கழகம் மீண்டும் நான்காம் பிரிவுக்கு இறங்கிற்று. 2025 மே மாதம் வெம்பிளியில் வால்சால் அணியை ஒரு கோலில் வென்று மறுபடி ஏறிற்று. ஏற்றமும் இறக்கமும் எந்தக் கழகத்துக்கும் உரியவையே.

நம் நினைவில் நிற்பவை வேறு இரண்டு எண்கள். ஒன்று 849, மற்றொன்று பூஜ்யம். முன்னது, வர முடிந்தும் வர மறுத்தவர்களின் கணக்கு. பின்னது, வரத் துடித்தும் வர இயலாதவர்களின் கணக்கு. முன்னதில் கழகம் யாருடையதல்ல என்பது தெரிந்தது. பின்னதில், இருக்கைகள் அத்தனையும் வெறுமையாகக் கிடந்த அந்த இரவில், அது யாருடையது என்பது விளங்கியது.