அழித்த கையும் காப்பாற்றிய பிரதியும்

டேட்டாபேஸைப் பராமரிப்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை எப்போதும் "பேக்கப் எடு" என்பதுதான். இந்தத் துறைக்கு வந்த புதிதில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அது பாதி அறிவுரைதான் என்று இப்போது நினைக்கிறேன். மீதிப் பாதி 2017 ஜனவரி 31 இரவில் இருக்கிறது.

கிட்லேப், புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளம். அதன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு முதன்மை சர்வரிலும், அதைப் பார்த்து நகலெடுத்தபடியே இருக்கும் ஒரு துணை சர்வரிலும் இருந்தது. அன்று மாலை ஸ்பேம் பெருகிச் சுமை ஏறியது. துணை பின்தங்கி, நகலெடுப்பதே நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் உட்கார்ந்தார். அவர் கொடுத்த கட்டளை ஒரு பதிலும் சொல்லாமல் அப்படியே நின்றது. துணையில் கிடக்கும் பழைய டைரக்டரிதான் இடைஞ்சல் என்று முடிவுசெய்து அதை அழித்தார். ஓரிரு நொடிகளில் உறைத்தது: அவர் நின்றுகொண்டிருந்தது முதன்மை சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப் இருக்குமே? போய்ப் பார்த்தார்கள். தினசரி பேக்கப் சேரவேண்டிய அமேசான் சேமிப்பகம் காலி. டேட்டாபேஸ் ஓடியது 9.6 பதிப்பில், பேக்கப் எடுக்கும் கருவி 9.2. இரண்டும் ஒத்துவராமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லக் கிளம்பிய மின்னஞ்சல்களையும், முறையாகக் கையொப்பமிடப்படவில்லை என்று மெயில் சர்வர் திருப்பிவிட்டது. அஸூரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி வேறு சர்வர்களில் இயங்கியது, டேட்டாபேஸ் சர்வர்களில் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது, ஏறக்குறைய ஆறு மணிநேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். பரிசோதனைச் சூழலில் வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் கையால் எடுத்தது! மெதுவான டிஸ்க்கிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவர முக்கால் நாள் ஆனது. இடைப்பட்ட நேரத்தில் உருவான சுமார் 5,000 ப்ராஜெக்ட்களும், 5,000 கமெண்ட்களும், 700 பயனர் கணக்குகளும் போனது போனதுதான்.

இதே கதை 1998இல் பிக்ஸாரிலும் நடந்திருக்கிறது. 'டாய் ஸ்டோரி 2' கோப்புகளில் பெரும்பகுதியை ஒரு கட்டளை அழித்துவிட்டது. பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை. தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சூஸ்மன் குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கணினியிலிருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

இரண்டிலும் காப்பாற்றியது பேக்கப் என்று பெயர் வைத்த எதுவும் இல்லை. யாரோ வேலைக்காகத் திறந்து பயன்படுத்திய பிரதி. திறந்து பார்த்ததால்தான் அது உயிரோடு இருந்தது தெரிந்தது. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை, அவ்வளவுதான்.

ஆகவே சில பழக்கங்கள். குறிப்பிட்ட இடைவெளியில் பேக்கப்பை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துவையுங்கள். நிர்வாகம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். "தோற்றால் மெயில் வரும்" என்று இருக்காதீர்கள். "இன்றைக்கு வெற்றிச் செய்தி வரலையே" என்று உறுத்தும்படி அமையுங்கள். முதன்மை சர்வரின் டெர்மினலுக்குத் தனி நிறம் கொடுங்கள். பழையதை அழிக்காமல் பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள். முக்கியமாக, பேக்கப்புக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். கிட்லேப்பில் அப்படி யாரும் இல்லை.

கிட்லேப் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. ஒரு ஆளைப் பலிகொடுத்து விஷயத்தை முடித்திருந்தால், காலியான சேமிப்பகத்தையும் திரும்பிப்போன மின்னஞ்சலையும் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். இன்று நாமும் அதிலிருந்து எதையும் கற்றிருக்கமாட்டோம்.