வேர்தேடல்: சேலத்திலிருந்து நேட்டால் சென்றோர்

1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. எடப்பாடி, சங்ககிரி, நாமக்கல் ஊர்கள் அன்று அதில் அடங்கியிருந்தன. வழித்தோன்றல்களுக்கு முதல் ஆதாரம் கப்பல் பதிவேடு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றோடு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் வீட்டில் நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையேல் கடினம்; எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. ஆனாலும் பெயராவது உண்டு. அமெரிக்காவின் 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் அடிமைகள் பெரும்பாலும் பெயரின்றி வயது, பாலினம், நிறம் போன்றவற்றால் குறிக்கப்பட்டனர். ஊரை அடையாளம் கண்டபின் குலதெய்வக் கோயிலில் விசாரிப்பதே நல்வழி. பங்காளிகள் கூடுமிடம் அது. கொங்கு வேளாளர் குடும்பமாயின் கூட்டப் பெயரும் (குலப்பிரிவின் பெயர்) துணைசெய்யும்.