குண்டு விழுந்த தூரம்

செஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுபவன் தேசிங்குராஜன்தான். இருபத்திரண்டு வயது இளைஞன், அடங்காத குதிரை, உயிர்நண்பன் மகபத்கான், உடன்கட்டை ஏறிய இளம் மனைவி, பத்தே மாத ஆட்சி. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு மோதி 1714 அக்டோபரில் மாண்ட அவனைக் கதைப்பாடல் அழியாமல் காத்தது. 1960இல் வெளிவந்த திரைப்படம் அவனுக்கு எம்.ஜி.ஆரின் முகத்தைக் கொடுத்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். அச்செய்தியை ஒட்டி எழுந்த பேச்சுகளிலும் தேசிங்கே முன்னால் நின்றான். அடுத்த இடம் சிவாஜிக்கு.

வீரத்தைப் பேசுவதில் தவறில்லை. ஆயினும் செஞ்சியிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தின் வரலாற்றை உண்மையிலேயே திசைதிருப்பிய செயல் எது என்று கேட்டால், எந்தப் போரையும் என்னால் காட்ட இயலாது. 1690ஆம் ஆண்டில், பணமுடையில் இருந்த ஓர் அரசவை எழுதிக்கொடுத்த விற்பனைப் பத்திரத்தையே காட்டுவேன். அந்தப் பத்திரத்தைப் பற்றிய கட்டுரை இது. தொழில்நுட்பம், வணிக அனுமதி, அன்றாட அரசியல் என்று இன்று நாம் தேநீர்க்கடையில் தனித்தனியாக விவாதிக்கும் மூன்றும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

செஞ்சிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். மலையின்மேல் நின்று பார்த்தால் சுற்றிலும் பாறையும் வயலுமே தெரிகின்றன. ஆனால் புதுச்சேரி, தேவனாம்பட்டினம், கூடலூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகள் எல்லாம் ஒருகாலத்தில் செஞ்சியை ஆண்டவர்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. உள்நாட்டில் நெய்த துணி இத்துறைகள் வழியாகவே கப்பலேறியது. எனவே துணி வாங்க வந்த ஐரோப்பியர் ஒவ்வொருவரும் கோட்டையை நோக்கி ஆளனுப்ப வேண்டியிருந்தது. 1608இல் டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் தங்கி வணிகம் செய்யச் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றனர். இரண்டு ஆண்டுகளில் பழவேற்காட்டிலும் காலூன்றிவிட்டனர். அந்நாளில் இத்தகைய அனுமதிக்குக் கவுல் என்று பெயர். எவ்வளவு சுங்கம், எங்கே கிடங்கு, மதில் எழுப்பலாமா கூடாதா, நாணயம் அடிக்கலாமா கூடாதா என்பவற்றையெல்லாம் கவுலே தீர்மானித்தது. இன்றைய மொழியில் உரிமம், ஒழுங்குமுறை என்று நாம் சொல்பவை அனைத்தும் அந்த ஒற்றைத் தாளுக்குள் அடங்கியிருந்தன.

கவுலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைக் கொடுப்பவர் மாறினால் அது செல்லாக்காசாகிவிடும். செஞ்சியில் கொடுப்பவர்கள் அடிக்கடி மாறினார்கள். நாயக்கருக்குப்பின் 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் படை வந்தது. 1677இல் சிவாஜி வந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பைக் காத்துநின்ற பிரான்சுவா மார்த்தேன், அதுவரை பீஜப்பூரின் அதிகாரியான ஷேர்கான் லோடியின் ஆதரவில் இருந்தவர். ஷேர்கானைத் திருவதிகையருகே சிவாஜி முறியடித்ததும், மார்த்தேன் அவசர அவசரமாகச் சிவாஜியிடம் தூதனுப்பிப் புதிய உறுதிமொழி பெற்றுக்கொண்டார். அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் இன்று அக்காலத்துக்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. யார் வென்றார் என்பதைவிட, வென்றவர் நம் கிடங்கை என்ன செய்வார் என்பதே அவற்றில் ஓடும் கவலை. ஒரு வணிகனின் அன்றாடக் கருத்து அப்படித்தான் இருக்கமுடியும்.

சிவாஜி கைப்பற்றியபின் செஞ்சியின் அரண்கள் புதிதாக எழுந்தன. பழைய மதில்கள் சில இடிக்கப்பட்டன. புதிய மதில்களும் அகழிகளும் கொத்தளங்களும் உருவாயின. அக்காலத்து இயேசு சபைக் கடிதமொன்று, ஐரோப்பியரும் குறைகூற முடியாத வேலைப்பாடு என்று அவற்றைப் போற்றுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஒரே மதிலால் இணைத்த அமைப்பு அது. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியை அடையுமுன் ஆழமான பாறைப்பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருப்பவர்களைக் கீழே இருப்பவர்கள் நெருங்க இயலாது. நெற்களஞ்சியம், எண்ணெய்த் தொட்டி, குளங்கள், கல்யாண மகாலுக்கு நீர்கொண்டுவந்த மண்குழாய்கள் எனப் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடக்கத் தேவையானவை அனைத்தும் உள்ளே இருந்தன. அந்நாளின் உயர்ந்த தொழில்நுட்பம் அது.

அந்தத் தொழில்நுட்பத்தைச் சோதிக்கும் நாள் விரைவிலேயே வந்தது. 1689இல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே வந்து செஞ்சியை மராட்டியத் தலைநகராக்கினார். 1690இல் சுல்பிகர்கான் தலைமையில் மொகலாயப் படை வந்து கோட்டையைச் சூழ்ந்தது. முற்றுகை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது. மதில்கள் தாங்கின. கருவூலம் தாங்கவில்லை.

படைக்குச் சம்பளம் வேண்டும், குதிரை வேண்டும், மருந்தும் குண்டும் வேண்டும். மராட்டியத் தாயகத்திலிருந்து பணம் வரும் வழிகள் அடைபட்டிருந்தன. விற்பதற்கு ராஜாராமிடம் எஞ்சியிருந்தது கடற்கரைதான். வாங்குவதற்கு ஆட்களும் இருந்தனர். சென்னையின் ஆங்கிலேயக் கவர்னர் எலிஹு யேல் செஞ்சிக்குப் புதியவரல்லர். 1681இலேயே கூடலூர்ப் பகுதியில் வணிக உரிமை கேட்டுச் செஞ்சியின் மராட்டிய அதிகாரியிடம் அனுப்பப்பட்டவர். அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது இவருடைய பெயரையே. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவருடைய கம்பெனி விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் புதுப்பெயரிட்டது.

கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதே அடுத்த கேள்வி. நில அளவைக்காரர் எவரும் வரவில்லை. ஆறு, ஏரி, பனைவரிசை என்று எல்லை எழுதவும் இல்லை. கோட்டையிலிருந்து ஒரு பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் வாங்குபவருக்கு என்று ஒப்பந்தம் பேசியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பீரங்கி வெவ்வேறு திசைகளில் சுடப்பட்டது. இதில் எல்லாம் பீரங்கிக்காரனின் கைத்திறனில்தான் இருக்கிறது என்பதைச் சென்னைக் கவுன்சில் நன்கு உணர்ந்திருந்தது. மருந்தை எவ்வளவு கெட்டிப்பது, குழலை எவ்வளவு உயர்த்துவது என்று அறிந்தவன் கையில் ஒரே பத்திரம் பல ஊர்களாக விரியும். விரிந்தது. கூடலூர் நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அவ்வெல்லைக்குள் அடங்கின. குண்டு கிராமங்கள் என்றே அவை பின்னாளில் வழங்கின. இன்றும் கூடலூரில் குண்டு சாலை இருக்கிறது. குண்டு உப்பலவாடி என்ற ஊரும் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்களில் அப்பெயரின் காரணத்தை நினைப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். செஞ்சியில் கல்லும் மதிலும் எட்டு ஆண்டுகள் பேரரசொன்றின் பீரங்கிகளை எதிர்த்து நின்றன. அதே காலத்தில், கீழே கடற்கரையில், எவரையும் கொல்லாமல் சுடப்பட்ட சில குண்டுகள் பல ஊர்களின் உடைமையை மாற்றிவிட்டன. பீரங்கி அங்கே போர்க்கருவியாகப் பயன்படவில்லை. நிலம் அளக்கும் கோலாகப் பயன்பட்டது. அந்தக் கோலைச் செல்லுபடியாக்கியது செஞ்சியில் இடப்பட்ட முத்திரை. ஒரு கருவி என்ன செய்யும் என்பதை அதன் இயந்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் எந்த நெருக்கடியில் எதற்கு அனுமதி கொடுக்கிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

முற்றுகைக்குள் இருந்தவர்கள் மட்டுமே எழுதிக்கொடுத்தனர் என்று எண்ணிவிடக்கூடாது. முற்றுகையிட்டவர்களுக்கும் ஐரோப்பியரின் வெடிமருந்தும் நட்பும் தேவைப்பட்டன. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்களை ஆங்கிலேயர் 1693இல் மொகலாயத் தரப்பிடமிருந்து பெற்றனர். ஆக, சென்னையின் ஒரு பகுதியும் கூடலூரின் ஒரு பகுதியும் செஞ்சி முற்றுகையின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே கம்பெனியின் கைக்கு வந்து சேர்ந்தன. அதே 1693இல் டச்சுக்காரர் புதுச்சேரியைத் தாக்கிப் பிடித்தனர். அதற்கு முன்பே ராஜாராமிடம் பணம் கட்டி அவ்வூரின்மேல் உரிமையும் வாங்கியிருந்தனர். புதுச்சேரியில் மதில் எழுப்பிக்கொள்ள மார்த்தேனுக்கு அனுமதி தந்ததும் மராட்டியர்தான். அவ்வூர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைக்க, 1697இல் ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கை கையெழுத்தாக வேண்டியிருந்தது. 1699இல் மார்த்தேன் மீண்டும் வந்தார்.

ராஜாராமைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. அது நியாயமாகாது. தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது இருபது வயதைக் கடக்காத ஓர் அரசன் அடுத்த மாதத்துச் சம்பளத்தைத்தான் நினைத்திருப்பான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு வரப்போவதை அல்ல. அவன் தன் நோக்கத்தில் வென்றான் என்றே சொல்லவேண்டும். 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது அவன் உள்ளே இல்லை, தப்பிப் போயிருந்தான். மராட்டிய அரசு பிழைத்தது. ஔரங்கசீப்புக்கு எஞ்சியது கோட்டை மட்டும்தான்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது இது. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயரின் தலைமையிடம் போயிற்று. ஆனால் கடற்கரையில் அவர்கள் நிற்க இடமிருந்தது: ராஜாராம் விற்ற செயின்ட் டேவிட் கோட்டை. சென்னையிலிருந்து தப்பி அங்கே ஓடிச்சேர்ந்தவர்களில் இராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தரும் ஒருவர். 1752 வரை அதுவே அவர்களின் தலைமையிடம். அந்த இடம் இல்லாதிருந்தால் கர்நாடகப் போர்கள் எப்படி முடிந்திருக்கும் என்று ஊகிப்பது வரலாற்றாசிரியர் வேலையன்று. ஆனால் அந்த இடம் இருந்தது. அதை எழுதிக்கொடுத்தது செஞ்சி.

* * *

இனி மக்களின் நினைவுக்கு வருவோம். தேசிங்கின் கதையையும் சற்று உற்றுநோக்கினால் அதன் அடியில் கிடப்பதும் ஓர் அனுமதித் தகராறுதான். தேசிங்கின் தந்தை சரூப்சிங் மொகலாயப் பேரரசரிடமிருந்து செஞ்சியைப் பெற்றவர். தந்தை இறந்தபின் அது மகனுக்குத் தானாகவே வருமா, புதிய சன்னது வேண்டுமா? ஆர்க்காட்டுக்குச் செலுத்தவேண்டிய வரிப்பாக்கியை யார் கட்டுவது? இக்கேள்விகளில் தொடங்கியதே தேவனூர்ப் போர்க்களத்தில் முடிந்தது. கதைப்பாடல் பாக்கியை மறைக்கவில்லை. நவாபு பணம் கேட்பதைப் பாடத்தான் செய்கிறது. ஆனால் கேட்பவர் மனத்தில் தங்குவது குதிரையின் குளம்பொலிதான். பாக்கிக் கணக்கை யார் மனப்பாடம் செய்வார்?

கணக்கை எழுதியவர்களும் நம்மிடையே இருந்தனர். புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகானிடம் பிரெஞ்சுக்காரர் ரூபாய் அடிக்கும் உரிமை பெற்ற ஆண்டு அது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், கப்பல் வரவு, பாக்கு விலை, கவர்னரின் முகக்குறி, ஊரில் உலவும் வதந்தி என்று அவர் எழுதிக்கொண்டே போனார். அவர் தூப்ளேயின் துபாஷியாக இருந்த காலத்தில்தான், 1750 செப்டம்பரில், புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை செஞ்சியை ஒரே இரவில் கைப்பற்றியது. எட்டு ஆண்டுகள் மொகலாயரைத் தடுத்த அரண் ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. காவல் தளர்ந்த இடத்தில் கல்லுக்கு என்ன வலிமை? அந்நாட்குறிப்பிலிருந்தே பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்ற இரு நாவல்களைப் படைத்தார் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பாடலுக்குள் அடங்காத விலையும் அனுமதியும் தரகும் உரைநடையில் இடம்பிடித்த தருணம் அந்நாட்குறிப்பு.

எனினும் பிள்ளையவர்கள் ஒரு பெருவணிகர். மார்த்தேன் ஒரு கம்பெனியின் ஊழியர். பாடகன் வீரனைப் பாடினான். இம்மூவரின் குரலும் நமக்குக் கேட்கிறது. 1690 செப்டம்பரில் வானில் பறந்த குண்டை அண்ணாந்து பார்த்த உழவரும் நெசவாளரும் மீனவரும் அந்தப் பேரத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. காலையில் ஓர் அரசின் குடிகளாக எழுந்தவர்கள் மாலையில் ஒரு வணிக நிறுவனத்தின் குடிகளாக உறங்கச் சென்றனர். குண்டு தங்கள் ஊரைத் தாண்டி விழுந்ததா, ஊருக்கு முன்னால் விழுந்ததா என்பது மட்டுமே அவர்கள் அறிந்திருக்கக்கூடிய செய்தி.

புதிய கருவி நல்லதா கெட்டதா, அரசு வணிகத்தைக் கட்டுப்படுத்தவேண்டுமா விட்டுவிடவேண்டுமா என்று இன்று நாள்தோறும் வாதிடுகிறோம். வாதிடுவது நல்லதுதான், 1690இல் அந்த வாய்ப்பு எவருக்கும் இல்லை. ஆனால் எந்த விவாதத்திலும் இரண்டு கேள்விகளை விட்டுவிடக்கூடாது என்று செஞ்சி சொல்வதாகத் தோன்றுகிறது. அனுமதி கொடுப்பவருக்கு இப்போது என்ன நெருக்கடி? குண்டு விழும் தூரத்துக்குள் வாழ்பவர் யார்?

செஞ்சிக்குச் செல்லும் நண்பர்கள் ராஜகிரியின் உச்சிவரை ஏறுங்கள். அந்தப் பாறைப்பிளவைக் கட்டாயம் பாருங்கள். நேரமிருந்தால் மறுநாள் கூடலூருக்கும் போய், கெடிலம் கடலோடு சேரும் தேவனாம்பட்டினத்துப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பாருங்கள். அங்கே பார்ப்பதற்கு அதிகமில்லை. 1758இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்து இடித்துவிட்டனர். ஊர்ப்பெயர்கள் மட்டும் இடிபடாமல் இருக்கின்றன.