ஐந்து கோடி மரக்கன்றுகள்

1977-ல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். காற்றில் சேரும் கரியமில வாயுவை, வேகமாக வளரும் மரங்களை ஏராளமாக நட்டு உறிஞ்சிவிட முடியுமா? முடியும், ஆனால் அது ஆபத்துக் காலத்தில் அவகாசம் வாங்கித்தரும் ஏற்பாடுதான் என்றார். யோசனை காகிதத்திலேயே கிடந்தது.

1988 கோடையில் அமெரிக்கா வறட்சியில் காய்ந்தது. ஜூன் 23 அன்று விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் செனட் குழு முன் அமர்ந்து, பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று சொன்னார். அப்போது ஏ.ஈ.எஸ். என்ற நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி எரிக்கும் 183 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்டும் வேலையில் இறங்கியிருந்தது. அதன் தலைவர் ரோஜர் சான்ட், முன்பு அரசுப் பதவியில் எரிசக்திச் சிக்கனத்துக்காக உழைத்தவர். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாதபோதே, பல்லாண்டு காலம் வெளிவரப்போகும் புகைக்கு ஈடு தேடினார். கிடைத்த இடம் யாரும் எதிர்பாராதது.

குவாதமாலாவின் மலைச்சரிவுகள்! கேர் தொண்டு நிறுவனம் அங்கே விவசாயிகளோடு ஏற்கெனவே மரம் வளர்த்துவந்தது. ஏ.ஈ.எஸ். 20 லட்சம் டாலர் கொடுத்தது. பத்து ஆண்டுகள், 40,000 குடும்பங்கள், 5.2 கோடி மரங்கள் என்று திட்டம் விரிந்தது. செய்தி கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் சரிவில் மக்காச்சோளம் விதைத்தவனின் வீட்டில் ஓர் அடுப்பு இருந்தது.

அவனுக்கு விறகு வேண்டும். விறகாக எரிந்த மரமோ, பிடித்துவைத்த கரியைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. கன்றுக்கோ ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிய பாடு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் முதல் பிழை என்று எனக்குப் படுகிறது. விறகு பொறுக்குவதைக்கூடக் குற்றமாக்கி ஏழைகளை வதைத்தது இத்திட்டம் என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பத்தாண்டு முடிந்து அளந்தபோது, பிடிபட்ட கரி இலக்கை எட்டவே இல்லை. ஆனால் அதற்குள் காரியம் கைமீறியிருந்தது.

1997-ல் கியோட்டோ ஒப்பந்தம், ஏழை நாட்டில் குறைத்த புகையைப் பணக்கார நாடு தன் கணக்கில் வரவு வைக்க வழி திறந்தது. தரகர்கள் வந்தார்கள், சான்றிதழ் வந்தது, டன்னுக்கு விலை வந்தது. 2011-ல் கனெக்டிகட் நிலையம் மூடப்பட்டது. யோசனை மட்டும் ஊர் ஊராகப் பரவியது.

இன்று விமான டிக்கெட் பதிவு செய்யும்போது, கட்டணத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம் வருகிறது. அதில் டிக் செய்து கொஞ்சம் பணம் சேர்த்தால், பயணத்தின் புகைக்கு ஈடாக எங்கோ மரம் நடப்படுமாம். அந்தக் கட்டம் பிறந்தது குவாதமாலாவின் சோளக்கொல்லை ஓரத்தில்.